மடையடியில் நின்ற வாக்கியம்

வெள்ளாங்கரை உப்பளத்தின் பெரிய மடைக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னவன் போய்விட்டிருந்தான். போன இடம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவன் சொன்னது அப்படியே, பீடியால் கரகரத்த தொண்டையோடும், எதிர்காற்றில் கத்துகிறவன் ஒவ்வொரு சொல்லுக்கும் கொடுக்கிற அழுத்தத்தோடும், வெயில் சாய்கிற வேளையில் நாள்தோறும் அங்கே கேட்டது: "அமலி, மழை வருது. நான் மடைகிட்ட நிக்கேன்."

சொன்னவன் பெயர் இஞ்ஞாசி, உப்பளத்துக் கங்காணி. ஓர் ஐப்பசிப் பிற்பகலில் வானம் கறுத்தபோது, உப்பு அம்பாரங்களை மூடச் சொல்லி ஆட்களை விரட்டிவிட்டு மடைப்பலகையை இறக்கப் போனவன், கரைமேட்டிலிருந்த தன் வீட்டைப் பார்த்துக் கைகளை வாயருகே குவித்து மனைவிக்கு அதைக் கத்திச் சொன்னான். பிறகு மழை வந்தது, கழிமுகத்துத் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது, வடிந்தபோது அவனுடைய சைக்கிள் கிடைத்தது, ஒற்றைச் செருப்பு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. மறுநாள் அதே வேளையில் குரல் வந்தது. கேட்ட உப்பளத்துப் பெண்கள் ஓடிப்போய் அம்பாரங்களின் மேல் ஓலைக்கீற்றுகளை இழுத்து மூடினார்கள். மழை வருகிறது என்று கங்காணி சொன்னால் மூடுவதுதானே வேலை. மூடி முடித்துக் கையைத் தட்டிக்கொண்ட பிறகுதான், காலையிலிருந்து தேடிக்கொண்டிருப்பதே அந்தக் கங்காணியைத்தான் என்று ஒருத்திக்கு நினைவு வந்தது.

ஊர் அந்தக் குரலை வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரரை ஏற்பதுபோல, அதிகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்து, குரல் வரும்வரை காத்திருந்து கேட்டுவிட்டு, "ஆசீர்வாதமும் பண்ணல, சாபமும் போடல. மழை வருதுங்காரு, அவ்வளவுதான. இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிப் போனார். டீக்கடை மடையடிக்கு இடம் மாறியது. சித்திரை வெயிலிலும் குரல் கேட்டதும் அம்பாரங்கள் மூடப்பட்டன. மூடிய உப்பு முழுதாய்க் காயாமல் கசிந்தது. வெள்ளாங்கரை உப்பு அழுகிறது என்று வெளியூர் வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் எப்போதோ ஒருநாள் குரலுக்குப் பின்னாலேயே உண்மையான மழையும் வந்து உப்பு தப்பியதால், முதலாளியும் வாயைத் திறக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரார் தத்தம் இறந்தோருக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது இஞ்ஞாசிக்கு ஏற்றலாமா என்ற பேச்சு வரும். பேசிக்கொண்டிருக்கிற மனிதனுக்கு எப்படி மெழுகுவத்தி ஏற்றுவது என்று அது அடங்கிவிடும். மடையடியில் குரல் புறப்படும் இடத்தில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒருவரும் கால் வைப்பதில்லை. ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

இவையெல்லாவற்றிலும் கண்டிப்பானது ஒரு வழக்கம். ஒருவன் தன் மனைவிக்குச் சொன்ன சொல் அயலார் காதில் விழுந்தால் அதை அவளிடம் சேர்ப்பது கேட்டவரின் கடமை. ஆகவே அன்றன்று முதலில் கேட்டவர் கரையேறிப் போய் அமலி என்கிற அமலோற்பவத்தின் வாசலில் நின்று செய்தியைச் சொல்லவேண்டும். அவள் "கேட்டேன்" என்று சொல்லும்வரை நகரக்கூடாது. பெரும்பாலும் போகிறவள் சவேரியம்மா. உப்பு வாரிக் காய்த்த கையும், நிற்காத வாயும் உள்ளவள்.

"ஏ அமலி! ஒம் மாப்ள கூப்பிடுதாரு. மழை வருதாம், மடைகிட்ட நிக்காராம். புதுசா ஒன்னும் இல்ல."

"கேட்டேன்."

"கேட்டியா? சரி. என்ன கொழம்பு? மணம் தூக்குது."

இஞ்ஞாசிக்கு ஒரு அக்காள் உண்டு. பெயர் பெர்பெத்துவா; பங்குப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் கற்பிக்கிறவள். கரும்பலகையில் கோடு போட்டாலும் அடிக்கோல் வைத்துப் போடுவாள். தாய் இறந்தபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்காகவே கலியாணம் வேண்டாமென்று இருந்துவிட்டதாக ஊர் சொல்லும், அவள் சொன்னதில்லை. பள்ளி விட்டதும் திருத்தவேண்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு மடைத் திண்டில் வந்து உட்காருவாள். குரல் வரும். அவள் கேட்பாள். அந்த வாக்கியத்தில் மனைவிக்கு இடமிருந்தது, மழைக்கு இடமிருந்தது, மடைக்கும் இருந்தது; அக்காளுக்கு ஒரு சொல் இல்லை. இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் அவளை அழைத்ததில்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது, தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவளின் நடை அவளுக்கு இருக்கும்.

வகுப்பில் அவள் மிகவும் கவனமாக நடத்துகிற பாடம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும்போது மேற்கோள் குறிகள் போகும்; 'நான்' 'அவன்' ஆகும்; 'இங்கே' 'அங்கே' ஆகும்; எல்லாவற்றுக்கும் மேலாக, வினைச்சொல் காலத்தில் ஒரு படி பின்வாங்கும். தமிழில் இந்தத் தொல்லையில்லை. 'நிற்கிறேன் என்றான்' என்று சொல்லும்போது, அவன் நிகழ்காலம் கலையாமல் அடுத்தவர் வாக்கியத்தின் நடுவிலேயே அவன் நின்றுகொள்ளலாம். ஆங்கிலம் அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறது. இதை எந்த இலக்கணப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. மடைத் திண்டில் உட்கார்ந்து அறிந்தாள்.

பிரெசில்லா என்ற மாணவி ஒருநாள் எழுந்தாள். "டீச்சர், ஒரு ஆளு 'நிக்கேன்'ன்னு சொல்லி, இன்னமும் அங்கனயே நின்னுக்கிட்டு இருந்தா, 'இஸ்' எதுக்கு 'வாஸ்' ஆவணும்? பொய்யாயிராதா?"

வகுப்பு முழுவதும் குனிந்து சிரித்தது. மடையை உதாரணமாகச் சொல்லக்கூடாது என்பது அந்த வகுப்பின் எழுதாத சட்டம்.

"சொன்னது இன்றைக்கும் உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றவேண்டியதில்லை" என்றாள் பெர்பெத்துவா. "பூமி சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், சுற்றியது என்று நாம் எழுதுவதில்லை."

"நிக்காரா இல்லியான்னு யாரு டீச்சர் பாக்கணும்?"

"எடுத்துச் சொல்கிறவர் பார்க்கவேண்டும். உட்கார்."

அந்த வருடம்தான் தஸ்நேவிஸ் விஷயம் வெளியே வந்தது. அவன் உப்பு லாரிகளை எடைபோடும் மேடையில் வேலை பார்க்கிறவன், மனைவியை இழந்தவன். சவேரியம்மா காய்ச்சலில் படுத்த ஒருநாள் குரலை முதலில் கேட்டவன் அவன், வழக்கப்படி கரையேறிப் போய், அமலியின் வாசலில் வியர்த்துக்கொண்டு நின்று, "ஒங்க வீட்டுக்காரரு..." என்று தொடங்கி, மேலே சொல்ல வராமல், "மழை வருமாம்" என்று மட்டும் முடித்தான். அமலி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு குரலை முதலில் கேட்பதற்காகவே அவன் வேலையை அப்படியே போட்டுவிட்டு மடையடியில் வந்து காத்திருக்கலானான். ஒருவன் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லிச் சொல்லியே அந்த இருவருக்கும் தங்களுடைய சொற்களும் கிடைத்துவிட்டன. கலியாணம் செய்துகொள்ளப்போவதாகப் பங்குச்சாமியிடம் போய்ச் சொன்னார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஆயருக்கு எழுதினார்.

ஆயர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு குருவானவர் வந்தார். வேறு மாநிலத்துக்காரர், தமிழ் அறியாதவர். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து குரலைத் தம் காதால் கேட்டார். குடித்துக்கொண்டிருந்த டீயை மெல்லக் கீழே வைத்தார். பிறகு பெர்பெத்துவாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: சொல்லப்பட்டது என்னவென்று நீங்கள்தான் ஆங்கிலத்தில் எழுதி, சத்தியம் செய்து கையொப்பமிட்டுத் தரவேண்டும். அவன் நிற்கிறான் என்று உங்கள் வாக்குமூலம் சொன்னால், கணவன் உயிரோடிருக்கிற பெண்ணுக்குத் திருச்சபை மறுமணம் செய்துவைக்க முடியாது. நின்றான் என்று சொன்னால், அவன் இறந்துவிட்டதாகக் கொள்வதற்கு மற்றச் சாட்சியங்கள் போதும்.

மறுநாள் காலையில் அமலி பெர்பெத்துவாவின் வீட்டுக்கு வந்தாள்.

"மைனி, காப்பி குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு. உக்காரு."

"உக்கார வரல." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அவருக்கு நீங்க அக்கா. எனக்கும் கொஞ்சம் அக்காவா இருங்க."

"கேட்டதத்தான் நான் எழுத முடியும், அமலி. ஒனக்காகக் கூட்டவும் மாட்டேன், எனக்காகக் குறைக்கவும் மாட்டேன்."

"கூட்டச் சொல்லல. தெனமும் ஒருத்தர் வந்து வாசல்ல நிக்காங்க, மைனி. அடுப்புல கொழம்பு கொதிக்கும், தலையில எண்ணெ வச்சிருப்பேன், காய்ச்சல்ல கெடப்பேன். 'கேட்டேன்'ன்னு சொல்லணும். சொல்லாட்டிப் போவமாட்டாக. இத்தன வருசமா எம் புருசங்கிட்ட நான் பேசின பேச்சு அது ஒன்னுதான்."

"நீ மடைக்கு வந்து நின்னு கேட்டு எத்தன காலம் ஆச்சு?"

"மொத வருசம் பூரா வந்தேன். வெயில்ல கொடையப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். திண்டுல உக்காந்து நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?" அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்கு அவர் கொரல் போதும். எனக்கு அவர் வேண்டியிருந்துச்சு. அதுல எம் பேரு மட்டும் இல்லாட்டி, அந்தக் கொரல ஒங்களுக்கே வச்சுக்கிடுங்கன்னு அன்னைக்கே குடுத்திருப்பேன்."

அவள் போனபின் பெர்பெத்துவா வெகுநேரம் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னான் என்று எழுதுவதில் தடையில்லை. சொன்னது முடிந்துபோன செயல். மழை வந்தது, போயிற்று, அதிலும் தடையில்லை. நிற்பதுதான் மீதியிருந்தது. சொன்னது இன்றைக்கும் உண்மையா என்று எடுத்துச் சொல்கிறவர் பார்க்கவேண்டும். எத்தனையோ வருடமாக அவள் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் மாலையில் எங்கே போய் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வெயில் சாய்வதற்கு முன்பே மடைக்குப் போனாள். திண்டில் உட்காரவில்லை. அந்த இடத்தை நோக்கி நேராக நடந்தாள்.

"யம்மா டீச்சர்!" சவேரியம்மா பாத்தியிலிருந்து கத்தினாள். "அங்கன ஆளு நிக்காரு!"

"அதத்தான் பாக்க வந்தேன்."

பெர்பெத்துவா சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒருவரும் மிதிக்காத அந்த அகலத்தில், அலைத்தண்ணீர் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, வருடக்கணக்கான உப்பு பாளம் பாளமாகப் படிந்திருந்தது. பூ விரிந்ததுபோலச் சில இடங்களில் மேலெழும்பி, கண்ணாடிபோலச் சில இடங்களில் படுத்து, எங்கும் கீறலில்லாமல் வெள்ளையாக இருந்தது. ஒரு குருவி நின்றிருந்தாலும் தடம் பதிந்திருக்கும். ஒரு மனிதனின் இரண்டு பாதங்கள், அவளே முள் எடுத்துவிட்ட, அவளே சேற்றைக் கழுவிவிட்ட அந்தப் பாதங்கள், அங்கே நிற்கவில்லை. உள்ளங்கையை உப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பிறகு எழுந்து அதன்மேல் கால் வைத்தாள். அப்பளம் நொறுங்குகிற ஓசையோடு அது உடைந்தது. பாத்தியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவன் அவளைவிட உயரம். குரல் அவள் உச்சிக்கு மேலிருந்து புறப்பட்டு, அவளைத் தாண்டி, கரைமேட்டு வீட்டைப் பார்த்துப் போயிற்று. "அமலி, மழை வருது. நான் மடைகிட்ட நிக்கேன்."

ஊரார் அந்தக் குரலுக்குச் சரி என்றிருக்கிறார்கள், பாவம் என்றிருக்கிறார்கள், கேட்டோம் என்றிருக்கிறார்கள். ஒருவரும் அதனிடம் ஒரு செய்தி சொன்னதில்லை. பெர்பெத்துவா வகுப்பில் பேசுகிற அதே குரலில், சொல் சொல்லாகச் சொன்னாள்:

"தம்பி, அமலி வரமாட்டா. அவளுக்காக நிக்காத."

அன்றைக்கே எழுதினாள். எழுதுகோல் ஒரே ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்தில் மை ஊறி ஒரு புள்ளியாயிற்று. அந்தப் புள்ளியிலிருந்தே 'வாஸ்' என்ற சொல்லைத் தொடங்கி முடித்தாள். அவன் மடையருகே நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னான். புள்ளி விழுந்த தாளை விலக்கிவிட்டுத் திருத்தமாக வேறொரு படி எடுத்து, பங்குச்சாமியின் முன்னால் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, கையொப்பமிட்டாள்.

மறுநாள் குரல் வரவில்லை. சவேரியம்மா பழக்கத்தில் கீற்றை இழுத்துவிட்டு, எதற்கு இழுத்தோம் என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாலைகள் நீண்டுவிட்டன. அமலியின் வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. அந்த வேளை வந்ததும் அவள் தானாகவே வாசலுக்கு வந்து, "கேட்டேன்" என்று சொல்ல வாயெடுத்து, ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். உப்பு மூடப்படாமல் காய்ந்து பல்லைப்போல வெளுத்தது. வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்துப் பாராட்டினார்கள். பாராட்டை யாரும் ரசிக்கவில்லை. "கூடப் பெறந்தவள்லா வாயடைச்சுட்டா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பெர்பெத்துவா வருவதைக் கண்டதும் சர்க்கரையைப் பற்றிப் பேசினார்கள். அவள் திண்டில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தினாள். கல்லறைத் திருநாளன்று யாரோ இஞ்ஞாசிக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஏற்றியது யார் என்று அவள் கேட்கவில்லை; காற்றுக்கு அணையாதபடி ஒரு ஓட்டுச்சில்லை மட்டும் எடுத்துப் பக்கத்தில் சாத்திவைத்தாள்.

ஆயரின் அனுமதி வந்தது. வாக்குமூலத்தில் சத்தியம் செய்து சொன்னது நிலைத்திருக்கும்வரை இந்த அனுமதியும் நிலைத்திருக்கும் என்று அதில் கண்டிருப்பதாகப் பங்குச்சாமி அவளிடம் வாசித்துக் காட்டினார். ஞாயிறுப் பூசைகளில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாருமில்லை. மார்கழிக்கு முன்பாகவே கலியாணம் வைத்தார்கள்.

உப்பளத்துக்கு அன்று விடுமுறை. ஊர் முழுவதும் கோயிலில் இருந்தது. புழுக்கம் தாளாமல், கடற்காற்று வரட்டுமென்று மடைப்பக்கத்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் பெண்வீட்டு இடத்தில் பெர்பெத்துவா உட்கார்ந்திருந்தாள். அமலிக்குத் தாய்தகப்பன் இல்லாததால், அங்கே உட்காரும்படி அவள்தான் கேட்டிருந்தாள். தஸ்நேவிஸ் தன் உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். எடைமேடைக்காரன் எடையைச் சொல்வதுபோலிருந்தது என்று பின்னால் சிரித்தார்கள். அமலி தொடங்கினாள். "அமலோற்பவம் ஆகிய நான், தஸ்நேவிஸ் ஆகிய உம்மை..."

திறந்த கதவுகள் வழியாகக் குரல் வந்தது.

அமலியின் உதடு நின்றது. ஆனால் அவள் பெயர் வரவில்லை.

"அக்கா, மழை வருது. நான் மடைகிட்ட நிக்கேன்."

வானத்தில் மேகமில்லாததை ஜன்னல் வழியே எல்லோரும் பார்க்க முடிந்தது. பிறகு வரிசை வரிசையாக, யாரும் யாரையும் தூண்டாமல், ஊர் பெர்பெத்துவாவின் பக்கம் திரும்பிற்று. அழைக்கப்பட்டவர் கேட்டேன் என்று சொல்லவேண்டும். வழக்கம் அதுதான். பின்வரிசையிலிருந்த சவேரியம்மா, வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிந்த குரலில், பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்: "டீச்சர். ஒங்களத்தான் கூப்பிடுதாரு. மடைகிட்ட நிக்காராம்."

பங்குச்சாமி கையிலிருந்த புத்தகத்தின் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். கேட்டேன் என்ற ஒரு சொல் போதும், நிற்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகும், சத்தியம் பொய்யாகும், பீடத்தின் முன்னால் நிற்கிற பெண் மறுபடி கரைமேட்டு வீட்டுக்கு நடந்துபோவாள், வாசலில் ஒருவர் வந்து நிற்க. அமலி திரும்பவில்லை. அவளுடைய பின்கழுத்தில் மல்லிகைச் சரத்துக்குக் கீழே ஒரு நரம்பு துடிப்பது மட்டும் தெரிந்தது.

பெர்பெத்துவாவின் முழங்கால்கள் தாமாக எழப் பார்த்தன. இரண்டு கைகளையும் அவற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

"சாமி, பொண்ணு காத்துக்கிட்டு நிக்கி" என்றாள். "மேல சொல்லச் சொல்லுங்க."

அமலி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இன்பத்திலும் துன்பத்திலும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் இரண்டாம் தடவை வந்தது. இத்தனை வருடமாக ஓர் அசையும் மாறாதிருந்த அந்தக் குரல், இப்போது கத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது. நாக்கு திரும்பாத வயதில் அவன் அவளுக்கு வைத்ததும், ஊரில் ஒருவருக்கும் தெரியாததுமான பெயரைச் சொல்லிற்று.

"பெத்து. நிக்கேன்."

அது யாருடைய பெயர் என்று தெரியாமல் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்பெத்துவா பீடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தஸ்நேவிஸ் தாலியைக் கையிலெடுத்தான். பாடகர் குழு தொடங்கிய பாட்டில், எல்லோருக்கும் முன்னதாக, எல்லோரையும்விட உரத்து, அவள் குரல் சேர்ந்துகொண்டது.